வயது பொருந்தாத பலகை

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற சாலையில், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்கு அடுத்து, மஞ்சள் சாயம் பூசிய ஒரு மாடிக் கட்டடம் நிற்கிறது. 'எல்லையோர மக்கள் பலகை விற்பனை மற்றும் அறுவைச் சேவைக் கூட்டுறவுச் சங்கம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெயர் நீளம் என்பதால் பெயர்ப்பலகை பக்கத்துக் காம்பவுண்டுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அது சம்பந்தமாக ஒரு வழக்கும் நடக்கிறது. சங்கத்தில் பலகை உண்டு, அறுக்கிற மெஷின் உண்டு, தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, கமிட்டிகள் வேண்டிய அளவு உண்டு. பலகை அறுபடுவது மட்டும்தான் அபூர்வம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே சத்தியபாய் போனது ஒரு மேசைக்காக.

சத்தியபாய் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். அவள் கணவன் ரெத்தினதாஸ் பாதி ஆயுசைப் பாறைக் குவாரியில் கழித்தவன். சர்ச் கொயரில் அடிக்குரலில் அவன் பாடினால் பெஞ்சு அதிரும் என்று சொல்வார்கள். குவாரித் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்த பிறகு பாட்டு நின்றது, பிறகு நடை நின்றது, கடைசியில் படுக்கையும் நின்றது. மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் மூச்சு முட்டும். முன்பக்கம் சாய்ந்து எதன் மேலாவது நெற்றியை வைத்தால் மட்டும்தான் தூக்கம்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் சக்கரம் வைத்த மேசை ஒன்றை உருட்டி வந்து கட்டிலுக்குக் குறுக்காக நிறுத்தினாள். ரெத்தினதாஸ் அதன் மேல் இரண்டு கையையும் மடக்கி, நெற்றியை வைத்து, குறட்டை விட்டுத் தூங்கினான். வார்டில் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். சத்தியபாய் மட்டும் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று அழுதாள். எத்தனையோ மாதம் கழித்து அவன் தூங்குகிறான்.

வீட்டில் அந்த மேசை உதவாது. வீட்டில் இருப்பது பெட்டிக் கட்டில். அடியில் தரைவரை பலகை அடைத்தது, சக்கரக் கால் நுழைய வழியில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து சத்தியபாய்தான் மேசை. கட்டிலில் அவனுக்கு எதிராக உட்காருவாள், அவன் அவளுடைய வலது தோளில் நெற்றியை வைத்துத் தூங்குவான். அவள் அசைந்தால் அவன் விழித்துவிடுவான். தோள் மரத்துப்போனது. துணி வெட்டக் கத்திரிக்கோலை எடுத்தால் கை நடுங்கியது. வாங்கிவைத்த தையல் எல்லாம் மூலையில் கிடந்தது.

அவளுக்கு மரவேலையில் ஒரு கிறுக்கு உண்டு. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, துண்டுப் பலகையில் செருப்பு அலமாரி, நூல்கண்டு வைக்க இழுப்பறை, மசாலாத் தட்டு எல்லாம் செய்திருந்தாள். எல்லாம் மெலமைன் பலகை. மரத்தூளை அமுக்கி ஒட்டி மேலே வெள்ளையாக மினுக்கு ஏற்றியது. எச்சில் பட்டாலும் கஞ்சி சிந்தினாலும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். ஒரே தொல்லை, கைவாளால் நீளமாக அறுத்தால் விளிம்பு முழுக்கப் பொரிந்து பெயர்ந்துவிடும். நேராக அறுக்க மெஷின் வேண்டும்.

மூன்றே துண்டு. மேலே ஒன்று, கால்களாக இரண்டு. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பாலம் மாதிரி நின்றால் போதும். சுவரிலிருந்து கட்டிலின் வெளி விளிம்புவரை தையல் டேப்பை வைத்து அளந்தாள். பிறகு அவனை உட்காரவைத்து மெத்தையிலிருந்து நெஞ்சுவரை அளந்தாள்.

"இதென்னட்டி... எனக்கு... சட்டை தைக்கியா?" என்றான் ரெத்தினதாஸ். அவன் பேச்சு இப்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் வரும்.

"ஒறக்கம் தைக்குதேன். கூனாம நிமிந்து இரியுங்க."

இப்படியாக அவள் சங்கத்துக்குப் போனாள். செயலாளர் ஸ்ரீகுமாரி பேனாவைத் திறந்தாள்.

"பலகை எதுக்காக்கும்?"

"ஒரு மேசைக்கு."

"என்ன மேசை?"

"கட்டிலுக்கு மேல வைக்குற மேசை."

ஸ்ரீகுமாரி பேனாவை மூடிவிட்டாள். "கட்டில்னா கட்டில் கமிட்டி. மேசைன்னா மேசைக் கமிட்டி. கட்டிலுக்கு மேல மேசைன்னா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லியே."

இரண்டு கமிட்டியும் கூட்டாக உட்கார்ந்தன. பரிப்புவடை வந்தது, சாயா வந்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டு முடிவுகட்டலாம் என்று தீர்மானித்து சத்தியபாயை உள்ளே கூப்பிட்டார்கள். "இதில படுக்க முடியுமா?"

"படுக்க முடியாது. ஆனா ஒறங்கதுக்காக்கும்."

முடிவுக்கு வந்திருந்த கூட்டம் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. உறங்குவதற்கு என்றால் அது கட்டில்தானே என்றார்கள் கட்டில் கமிட்டிக்காரர்கள். படுக்க முடியாதது எப்படிக் கட்டிலாகும் என்றார்கள் மேசைக்காரர்கள். மறுவாரம் இன்னொரு தடவை வடை தின்ற பிறகுதான் மேசைப் பக்கம் ஜெயித்தது. அவள் முழு விலையையும் கட்டி, எட்டடிக்கு நாலடி வெள்ளைப் பலகை ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அதன் முதுகில் அவள் பெயரை எழுதினார்கள். பிறகு அளவைத் தலைவரிடம் காட்டச் சொன்னார்கள்.

தலைவர் தாணுமாலயன் பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மென்மையான மனிதர், யாரையும் அதட்டமாட்டார். அளவைப் பார்த்தார், கண்ணை மூடிக் கணக்குப் போட்டார், திறந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்கிடணும். உங்க மேசை மரணத்தில நிக்குது."

சத்தியபாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கணவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதென்று வீட்டிலிருந்து போன் வந்ததோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"பயப்படாதீங்க. மனுஷனுக்கு பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம்னு அஞ்சு நிலை உண்டில்லியா? வீட்டுக்குச் சுற்றளவு பாக்கும்போ ஆசாரிமார் இதைப் பாப்பாங்க, மரணச்சுற்று வந்தா மாத்திப் போடுவாங்க. வீட்டுக்குப் பாக்குறதை வீட்டுக்குள்ள இருக்குற சாமானுக்கும் பாக்கணும்னு கொண்டுவந்தது நம்ம சங்கமாக்கும். இந்தியாவிலேயே முதல்ல."

இந்த விதி வந்ததற்கு ஒரு காரணம் சொல்வார்கள். பழைய கமிட்டி மெம்பர் ஒருவர் சங்கத்தில் வாங்கிய பலகையில் ஷோகேஸ் செய்து வீட்டில் வைத்தார். அந்த வருஷமே இறந்துபோனார். ஷோகேஸை அளந்து பார்த்தால் மரணச்சுற்று. இறக்கும்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது என்பதை யாரும் முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சாறே, நாங்க சர்ச்சில உள்ள ஆளுங்களாக்கும். எங்களுக்கு இதொண்ணும் இல்ல."

"இது மதமில்லம்மா, அளவாக்கும். டேப்புக்கு மதமுண்டா? கமிட்டியில கிறிஸ்தவப் பிரதிநிதி ஒருத்தர் உண்டு, முஸ்லிம் பிரதிநிதி உண்டு, தெய்வமே இல்லேங்குற பிரதிநிதி ஒருத்தரும் உண்டு. மரணம் வேண்டாம்னு எல்லாரும் ஒருமனசா கையெழுத்துப் போட்டிருக்கோம். இந்தச் சங்கம் தொடங்கினப்பறம் ஏகமனதா எடுத்த ஒரே தீர்மானம் இதாக்கும்." அதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றார்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"கொஞ்சம் குறைச்சா பால்யம் வரும்."

எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு கிளாஸும் ஒரு வாழைப்பழமும் வைக்கலாம்.

"அவருக்கு ரெண்டு கையும் வைக்கணும் சாறே."

"அப்ப கூட்டிப் பாக்கலாம். இந்தா, யௌவனம்! அருமையான யௌவனம்!"

"சுவரு இடிக்குமே."

"சுவரைக் கொஞ்சம் அங்கோட்டு மாத்தினா?"

"சுவருக்க அந்தப் பக்கம் கிணறாக்கும்."

தலைவர் ஆர்வமாக நிமிர்ந்தார். "கிணத்துக்குச் சுற்றளவு பாத்திருக்கீங்களா?"

சத்தியபாய்க்குத் தோள் வலித்தது. அவர் மறுபடி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். அளவோடு ஒரு விரற்கடை கூட்டினால் வார்த்தக்யம், அதாவது முதுமை, வருகிறது. கட்டில் விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டினால் பரவாயில்லை.

"அதைத் தாங்க சாறே. அது போதும்."

"அவருக்கு என்ன வயசாச்சு?"

"அம்பத்தெட்டு."

"அடடா!" தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வார்த்தக்யம் அறுபது முடிஞ்சவங்களுக்கு மாத்திரமாக்கும். உங்களுக்குத் தந்தா மத்த மெம்பர்மாரும் கேப்பாங்க. எல்லாருக்கும் முதுமையை வாரிக் கொடுக்க சங்கத்தால முடியாதில்லியா?"

சத்தியபாய் சண்டைக்காரி இல்லை. துணி குட்டையாகிவிட்டது என்று யாராவது கத்தினால்கூடப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். அன்றைக்கு மட்டும் அவள் குரல் உயர்ந்தது.

"அதுக்குத்தான் சாறே கேக்குதேன். அவருக்கு வயசாவணும். அறுபது ஆவணும், எழுபது ஆவணும். பல்லு போயி, காது கேக்காம, சோத்தில உப்பில்லேன்னு எனக்கிட்ட வழக்கு பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். அவரு கெழவனாவட்டும் சாறே. அந்தக் கெழட்டு அளவைத் தாங்க."

ஸ்ரீகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உண்மையாகவே கலங்கியிருந்தார்.

"நியாயமான ஆசையாக்கும் அம்மா. ரெண்டு வருஷம் கழிஞ்சு வாங்க. நானே கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

வீட்டில் இதைக் கேட்ட ரெத்தினதாஸ் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அவள் முதுகைத் தடவித் தடவி அடங்கிய பிறகு சொன்னான்: "யௌவனம்... தந்தாங்களாமே... வாங்கிட்டு... வந்திருக்கலாமேட்டி." பிறகு அவள் தோளில் நெற்றியை வைத்தான்.

பக்கத்து வீட்டு சிஜு ஆட்டோ ஓட்டுபவன். அவன் எளிமையாக ஒரு வழி சொன்னான். "அக்கா, அந்தப் பலகையை வாங்கிட்டு வாங்க. எல்லை தாண்டிக் களியக்காவிளையில எனக்குத் தெரிஞ்ச மில்லு உண்டு. இந்தக் கேரளத்து வயசொண்ணும் அவனுக்குத் தெரியாது. அறுத்துக் கொண்டாறேன்."

பலகையைக் கேட்டுப் போனார்கள். பலகையைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. 'அளவுத் தகராறில் உள்ளது' என்றாள் ஸ்ரீகுமாரி. தகராறு தீராமல் பலகை கட்டடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றால் அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும், பொதுக்குழு பெயர்ப்பலகை வழக்கு முடியாமல் கூடாது. இன்னொரு பலகை வாங்கச் சத்தியபாயிடம் வழியில்லை. தையல் நின்று நாளாயிற்று.

மெஷினுக்குப் பக்கத்தில் நிபின் நின்றான். அவன்தான் அறுப்பவன், சம்பளம் ஒழுங்காக வாங்குகிறவன். "சேச்சி, ஒரு சாயா குடிக்குற நேரம் போதும் எனக்கு," என்றான் மெதுவாக. "ஆனா மெஷின் சாவி தலைவருக்க மடியிலயாக்கும். தினமும் காலையில வந்து பிளேடைத் தொடைச்சு வைக்குதேன். அது போன வருஷம் வந்தப்போ எப்பிடி இருந்துதோ அப்பிடியே இருக்கு."

சத்தியபாய் கடைசியாக ஒரு யோசனையோடு தலைவரிடம் போனாள். யௌவன அளவிலேயே அறுத்துத் தாருங்கள், மீதியை நானே வீட்டில் கைவாளால் கழித்துக்கொள்கிறேன், விளிம்பு பெயர்ந்தால் பெயரட்டும்.

தாணுமாலயன் அதிர்ந்துபோனார். "அம்மா, என்ன பேச்சிது! சங்கம் யௌவனமா உண்டாக்கித் தந்த ஒண்ணை நீங்க வீட்டில கொண்டுபோயி மரணமாக்குவீங்களா? நாளைக்கு ஒரு அசம்பாவிதம் வந்தா யாரு ஜவாப்தாரி? எங்களுக்கு மெம்பர்மாருக்க உயிராக்கும் பெருசு. உயிரைவிட வசதி பெருசில்ல. உங்க வீட்டுக்காரருக்கு ஒறக்கமில்லேங்குறது எனக்கும் வருத்தந்தான். ஆனா ஒறக்கமில்லாம ஒருத்தர் இருந்தாருன்னா அவரு இருக்காருன்னுதானே அர்த்தம்?"

இவ்வளவு சொன்ன பிறகும் அவள் போகாமல் நின்றதால் அவர் இரக்கப்பட்டு, வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வந்தார்கள். தலைவர், செயலாளர், மூன்று கமிட்டி மெம்பர்கள், ஒரு போட்டோக்காரர். எலுமிச்சை சர்பத் குடித்தார்கள். கட்டிலை அளந்தார்கள், சன்னலை அளந்தார்கள், ஒருவர் கிணற்றையும் அளந்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் ரெத்தினதாஸுக்கு மூச்சு முட்டியது. சத்தியபாய் வந்தவர்களை மறந்து கட்டிலில் ஏறி எதிரே உட்கார்ந்தாள். அவன் அவள் தோளில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் இழுப்பு குறைந்து கண் செருகியது. அவள் அசையாமல் இருந்தாள். சர்பத் கிளாஸோடு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாணுமாலயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் எனக்கு மனசிலாச்சு," என்றார்.

ஸ்ரீகுமாரி சட்டென்று சொன்னாள்: "சார், இப்பவே நிபினைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லட்டா?"

அந்த ஒரு நிமிஷம் சத்தியபாய்க்கு உலகமே நல்லதாகத் தெரிந்தது.

"சும்மா அறுத்துக் கொடுத்தா அது அறுவை," என்றார் தலைவர். "விழா வெச்சு அறுத்துக் கொடுத்தாத்தான் அது சேவை. விதியைத் தளர்த்துறோம்னா நாலு பேரு அறிய மேடையில வெச்சுத் தளர்த்தணும். மெஷினுக்கும் உத்காடனம் கழியலியே, திறப்பு விழா நடக்கலியே! ரெண்டையும் ஒண்ணாக்கிடலாம். ரிப்பன் வேண்டாம், இவருக்க பலகையையே விருந்தாளி வெட்டட்டும். முதல் குணபோக்தா, அதாவது பயனாளி, ரெத்தினதாஸ்!" மெம்பர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் ரெத்தினதாஸ் விழித்துக்கொண்டான்.

பெரிய இடத்து விருந்தாளி என்பதால் தேதி கிடைக்கவில்லை. கிடைத்த தேதியில் அவருக்குக் காஞ்சிரங்குளத்தில் ஒரு கழிவுநீர் ஓடை திறப்பு வந்தது. அடுத்த தேதியில் ஹர்த்தால். அதற்கடுத்த தேதி செவ்வாய்க்கிழமையாகப் போனதால் தெய்வமே இல்லை என்கிற பிரதிநிதி உட்பட யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் ஃப்ளெக்ஸ் மட்டும் மறுநாளே வந்துவிட்டது. எட்டடிக்கு நாலடி, பலகையின் அதே அளவு. யாரும் அதற்குச் சுற்றளவு பார்க்கவில்லை. சிஜு அதைப் போனில் பிடித்துக் கொண்டுவந்து காட்டினான். மேலே தலைவர் கைகூப்பி நிற்கிறார். கீழே ரெத்தினதாஸ். போட்டோக்காரர் அன்றைக்கு எடுத்த படம்தான். ஆனால் அதிலிருந்து சத்தியபாயை எடுத்துவிட்டு, அவள் தோள் இருந்த இடத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளை மேசையை ஒட்டியிருந்தார்கள். அந்த மேசையில் நெற்றியை வைத்து ரெத்தினதாஸ் நிம்மதியாகத் தூங்குகிறான். 'எல்லையோர மக்களின் உறக்கத்துக்கு எங்கள் உத்தரவாதம்' என்று எழுதியிருந்தது.

ரெத்தினதாஸ் அதை ரொம்ப நேரம் பார்த்தான். "பாத்தியாட்டி... எப்பிடி... ஒறங்குதேன்னு." போனை இன்னும் கிட்டே இழுத்தான். "நீ எங்க?"

"நான் அடுக்களையில நிக்குதேன். உங்களுக்குக் கஞ்சி போடண்டாமா?"

அவனுக்கு அது பிடித்திருந்தது. தலையை ஆட்டினான்.

அந்த வாரம் அவன் காலில் நீர் கோத்து வீங்கியது. ஒரு மதியம் கஞ்சி பாதியில் போதும் என்றான். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வழக்கம்போல எதிரே உட்கார, அவன் வலது தோளில் நெற்றியை வைத்தான். கொஞ்ச நேரம் இழுத்தது. பிறகு இழுப்பு குறைந்தது. பிறகு சத்தமே இல்லை. இத்தனை நாளில் அவன் இவ்வளவு அமைதியாகத் தூங்கியதில்லை. அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. எழுப்பிவிடக்கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். வெளியே கொடியில் துணி நனைந்தது. நனையட்டும் என்று இருந்தாள். சிஜு வந்து சன்னல் வழியாகக் கூப்பிட்டபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அவரு ஒறங்குதாரு மக்கா. சத்தம் போடாத."

சிஜு அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

அடக்கத்துக்குச் சங்கம் முழுசாக வந்தது. அன்றைக்குத் துக்கம் அனுசரித்து அறுக்கும் மெஷின் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் சர்ச் ஐயர் ஜெபம் முடித்ததும் தாணுமாலயன் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார்.

"நம்ம முதல் குணபோக்தா நம்மை விட்டுப் போயிட்டாரு. இதில ஒரு ஆறுதல் எனக்கு உண்டு. மரணச்சுற்றில பலகை தரச்சொல்லி அந்த அம்மா எங்கிட்ட எவ்வளவோ கெஞ்சினாங்க. அன்னைக்கு நான் இளகியிருந்தா இன்னைக்கு இந்த மரணத்துக்கு சங்கமாக்கும் காரணம்னு ஊரு சொல்லும். சங்கம் உறுதியா நின்னுது. அதனால இந்த மரணம் யாருக்கும் பழியில்லாத நல்ல மரணமாச்சு." அவர் மறுபடி கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

சத்தியபாய் அதைக் கேட்டாளா என்று தெரியாது. அவள் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்து நின்றாள்.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. இறந்தவர்களைப் பொறுத்தவரை மரணச்சுற்றுக்குத் தடை எதுவும் இல்லை என்று அங்கே ஒரு மெம்பர் கண்டுபிடித்துச் சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சங்கத்தின் இரண்டாவது ஏகமனதான தீர்மானம் அது. சிவப்பு நாடா அவிழ்ந்தது, மடியிலிருந்து சாவி வந்தது, விருந்தாளி தேவைப்படவில்லை. நிபின் அறுத்தான். அவன் சொன்னது போல அதற்கு ஒரு சாயா குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. சாயாவைத்தான் அவன் குடிக்கவில்லை.

மூன்று துண்டையும் பூமாலை சுற்றி வேனில் கொண்டுவந்தார்கள். அவள் முதல் நாள் சொன்ன அதே அளவு, நூல் பிசகவில்லை, விளிம்பில் ஒரு பொரிகூட இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாரும் போனார்கள். ஸ்ரீகுமாரி மட்டும் பின்தங்கி நின்றாள். வேனில் ஹாரன் அடித்ததும் போய்விட்டாள்.

நாலைந்து நாள் பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. பிறகு ஒரு பிற்பகல் சத்தியபாய் மாலையை உருவிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். விளிம்புக்கு ஒட்டும் வெள்ளைப் பட்டையைத் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்து ஒட்டினாள். முனையை உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், அவனுக்குக் குத்தக்கூடாதே என்று. துளைபோட்டு ஸ்க்ரூ முடுக்கினாள். சிஜு வந்து மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் குறுக்காக வைத்தார்கள்.

ஒரு பக்கம் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மறுபக்கம் கட்டில் விளிம்போடு சேர்ந்து நின்றது. கையால் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

சிஜு முற்றத்துக்குப் போய்க் கையைத் தட்டிக்கொண்டான். அவள் கட்டிலில் ஏறினாள். எப்போதும் அவள் உட்காருகிற இடத்தில் இப்போது மேசை நின்றது. அதனால் அவன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தலையணையில் தைல வாசனை போகவில்லை. இரண்டு கையையும் மடக்கி மேலே வைத்து நெற்றியைச் சாய்க்கப் பார்த்தாள். எட்டவில்லை. அவன் உயரத்துக்கு அளந்த பலகை, அவளுக்குத் தாடைவரை வந்தது.

"அக்கா," வெளியிலிருந்து சிஜு கூப்பிட்டான், "அளவு சரியா இருக்கா?"

அவள் வெள்ளைப் பலகையில் உள்ளங்கையை வைத்துத் தூசி துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"சரியா இருக்கு மக்கா," என்றாள். "அவருக்குச் சரியா இருக்கு."